யீஸ்ட் இனங்களை ஒப்பிட எந்த ஜீனோம் தளம்?

சாயல்குடிப் பக்கம் பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் இறக்கும்போதே நுரை தள்ளிப் புளிப்பு வாடை அடிக்கும். அந்த நுரைக்குப் பின்னால் இருப்பவற்றில் முக்கியமானது சக்கரோமைசஸ் செரிவிசியே, ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே யீஸ்ட். இதன் பங்காளிகள் யார், எப்போது பிரிந்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் ஜீனோம், அதாவது ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ தொகுப்பு, பற்றிய இந்தத் தளங்களுக்குள் இறங்கினேன்.

எல்லோரும் முதலில் போவது சக்கரோமைசஸ் ஜீனோம் டேட்டாபேஸுக்கு. 1996-இல் முழுதாகப் படிக்கப்பட்ட செரிவிசியேயின் 16 குரோமோசோம், சுமார் 6,000 ஜீன், ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை, யார் என்ன சோதனை செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் அது ஒரே வீட்டின் குடும்பக் கதை, பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் அவ்வளவாகச் சொல்லாது.

பரிணாமத்தை ஒப்பிட என்றால் என் ஓட்டு யீஸ்ட் ஜீன் ஆர்டர் பிரௌசருக்குத்தான். ஜீன்கள் குரோமோசோமில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை இனம் இனமாக அடுக்கிக் காட்டும் தளம் அது. கெவின் பர்னும் கென் வுல்ஃபும் 2005-இல் வெளியிட்டது, பார்க்கப் பழசாக இருக்கும், இனங்களும் இருபது அளவில்தான். ஆனால் செரிவிசியேயின் மூதாதை சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தன் ஜீனோம் முழுவதையும் இரட்டிப்பாக்கிக்கொண்டது என்ற விஷயத்தை இவ்வளவு தெளிவாகக் கண்ணில் காட்டும் தளம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. கேல்1 என்ற ஜீனின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் கேல்7, கேல்10, கேல்1 ஒட்டி நிற்கும், எதிர் வரிசையில் கேல்1-க்கு நேராக, இரட்டிப்பில் வந்த அதன் இரட்டை கேல்3. கேல்1 காலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் வேலையைத் தொடங்குகிறது, கேல்3 காலக்டோஸ் வந்துவிட்டது என்று தகவல் சொல்கிறது. இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன க்ளுய்வெரோமைசஸ் லாக்டிஸ் என்ற யீஸ்டில் அந்த இரண்டு வேலையையும் ஒரே ஜீன்தான் பார்க்கிறது. அதுவும் திரையில் அதே செங்குத்துப் பத்தியில், அக்கம்பக்கத்து ஜீன்களோடு நிற்பதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்செம்பல் ஃபங்கை என்ற தளத்தில் ஜீன்களின் வம்ச மரம் கிடைக்கும், பூஞ்சணங்களையும் சேர்த்து ஒப்பிடலாம். ஆனால் மரம் புரதங்களின் எழுத்து வரிசையை வைத்துப் போடப்படுவது, அக்கம்பக்கத்தைப் பார்ப்பதில்லை. இரட்டைகளில் ஒன்று வேகமாக மாறிவிட்டால் அது தப்பான கிளையில் போய் உட்காரும். அதனால் மரத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால், யீஸ்ட் ஜீனோம்களை மொத்தமாகத் திரட்டும் ஒய்1000 பிளஸ் திட்டம். 2018-இல் 332 ஜீனோம், 2024-இல் 1,051 இனங்களிலிருந்து 1,154. அசுரத்தனமான உழைப்பு. ஆனால் கோப்புகளை இறக்கி, கட்டளை வரியில் நீங்களே அலச வேண்டும். ராமநாதபுரத்தில் மொபைல் நெட்டை வைத்துக்கொண்டு முதல் நாளே அதில் கை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கடல். மண்டபம், பாம்பன் பக்கம் உப்புநீர் யீஸ்ட் எடுத்து ஆராய்கிறவர்களுக்கு டெபாரியோமைசஸ் ஹான்செனிஐ என்ற யீஸ்ட் பழக்கமாயிருக்கும். அது நான் மேலே புகழ்ந்த தளத்தில் இல்லை, அதன் சகோதரத் தளமான கேண்டிடா ஜீன் ஆர்டர் பிரௌசரில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்தக் கூட்டம் சியுஜி என்ற மூன்றெழுத்து மரபுக் குறியீட்டை லியூசின் என்ற அமினோ அமிலமாகப் படிக்காமல் செரின் என்ற அமினோ அமிலமாகப் படிக்கும். உங்கள் மென்பொருளில் மொழிபெயர்ப்பு அட்டவணையை 12-க்கு மாற்றிவிட்டுத்தான் புரத வரிசையை ஒப்பிடுங்கள்.