யாழினியா, நறுமுகையா? மும்பையில் மகளுக்குப் பெயர்

பொருள்:
யாழினி – யாழ்போல் இனியவள்.
நறுமுகை – மணக்கும் மொட்டு. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்ற 1274ஆம் குறளில் வரும் அதே முகை. இதழ் விரியுமுன்பே மணம் உள்ளே அடங்கியிருக்கும் பருவம். எனக்கு இதுதான் கூடுதல் அழகு.

எழுத்து:
யாழினி – 'ழ'தான் சிக்கல். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'யாஜினி' என்பார்கள். மராத்தியில் 'ழ' இல்லை, ஆனால் 'ள' உண்டு. அதனால் பிறப்புச் சான்றிதழில் மராத்தியில் 'யாளினி' என்றே எழுதச் சொல்லுங்கள்.
நறுமுகை – 'ற' சாதா 'ர' ஆகும், தொல்லையில்லை. கடைசி 'கை' மட்டும் 'காய்' என நீண்டால் இந்தியில் பசு! பள்ளியில் முதல் நாளே உச்சரித்துக் காட்டுங்கள்.

சுருக்கமும் இசையும் வேண்டுவோருக்கு யாழினி. வீட்டில் தமிழ் புழங்கினால் நறுமுகை. பிறப்பைப் பதிந்துவிட்டால், 12 மாதம்வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதுவரை இரண்டையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்.