தார் போட்ட வண்டிப் பாதை: நடு நிற்கிறது, ஓரம்தான் நிற்க மாட்டேன் என்கிறது

எங்கள் வீட்டு வண்டிப் பாதையின் ஓரத்து வெடிப்பைப் போன வாரம் மறுபடியும் அடைத்தோம். அதே வாரத்தில் நண்பர் ஒருவர், "தார் போட்டு சில வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு? எங்க இடமும் களிமண்தான், வெயிலும் அதே வெயில்தான். போடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். கீழே ஜல்லி எவ்வளவு, மேலே தார் எவ்வளவு என்பதை எந்த ஒப்பந்தக்காரரும் சொல்லிவிடுவார். போட்ட பிறகு வரும் கோடைகளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

என் புகார் ஓரத்தைப் பற்றியது.

விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, விளிம்போடு சேர்ந்தே ஓடுகிறது அந்த வெடிப்பு. கேட்டில் தொடங்கி, கார் நிற்கும் இடம் வரை போகிறது. கோடை முற்றினால் விரல் நுனி நுழையும். நல்ல மழை பெய்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த கோடையில் அதே கோட்டில், முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். வெடிப்புக்கு வெளியே இருக்கும் தார்ப் பட்டை ஒவ்வொரு வருடமும் சிறிது வெளிப்பக்கமாகச் சரிகிறது. பாதையின் மற்ற எந்தக் குறையையும் நான் பொறுத்துக்கொள்வேன். இது ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது பாதி கோபம் மண் மேல் போனது. ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணில் பெரும்பாலும் மாண்ட்மோரிலோனைட் என்ற கனிமம் இருக்கும். அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அடுக்குகளை விலக்கும், காய்ந்தால் அவை மறுபடி நெருங்கும். இதன் மேல் தார் போட்டு மூடியதும் நடுப்பகுதி மண்ணுக்கு வெயிலும் படாது, மழையும் இறங்காது. அங்கே ஈரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஓரத்து மண்ணின் கதை வேறு. விரித்துப் போட்ட ஈரத்துணி ஓரத்திலிருந்து காய்வது போல, அது பக்கவாட்டில் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்கும். நடு இறங்காது, ஓரம் இறங்கும். மேலே இருக்கும் தார் அந்த இடத்தில் வளைந்து வளைந்து ஒருநாள் பிளந்துவிடும். அதனால்தான் இந்த வெடிப்பு குறுக்கே வராமல் நீளவாட்டில், விளிம்பை ஒட்டியே வருகிறது. மரம் நிற்கும் பக்கத்தில் எங்களுக்கு இது இன்னும் மோசம். வேர்கள் கோடையில் மண்ணிலுள்ள கடைசிச் சொட்டு ஈரத்தையும் இழுத்துவிடுகின்றன. மரத்தின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது பாதை தள்ளியிருக்க வேண்டும் என்று சொல்வார்கள். வீட்டு மனையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

மீதிக் கோபம் போட்டவர் மேல். அதிலும் நியாயமாக இருக்கப் பார்க்கிறேன், ஏனென்றால் அவர் செய்த நல்ல வேலையும் என் கண் முன்னே இருக்கிறது.

அடிமண்ணை அவர் சும்மா விடவில்லை. மேல் மண்ணைக் கிளறி, சுண்ணாம்பு கலந்து, தண்ணீர் தெளித்து, சில நாள் ஆறவிட்டு, அப்புறம்தான் ரோலர் ஓட்டினார். சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் களிமண்ணோடு சேர்ந்து அதன் பிசுபிசுப்பையும் உப்பும் குணத்தையும் குறைக்கும். மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை மண்ணுக்கு ஏற்றபடி கலப்பது வழக்கம். அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்துவிட்டு ஜல்லியைக் கொட்டினார். அந்தத் துணி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சேறு மேலேறி ஜல்லிக்குள் புகும், ஜல்லி சேற்றுக்குள் அமிழும், கொஞ்ச காலத்தில் ஜல்லிப் படுகை என்று ஒன்று இருக்கவே இருக்காது. நீர் வாட்டமும் சரியாகவே கொடுத்தார். 50 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் வீட்டிலிருந்து விலகி ஓடும்படி வைத்ததால் எவ்வளவு மழை பெய்தாலும் பாதையில் ஒரு குட்டை தேங்குவதில்லை. முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பது அடித்தளம் போய்விட்டதற்கு அடையாளம். எங்கள் பாதையின் நடுவில் அப்படி ஒரு கட்டம்கூட இல்லை. இந்த மண்ணில் அது சின்ன சாதனை இல்லை.

இவ்வளவும் செய்தவர் ஓரத்தில் கைவிட்டார். தார் எங்கே முடிகிறதோ அங்கேயே ஜல்லியும் முடிகிறது, சுண்ணாம்பும் முடிகிறது. தாருக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு அடியாவது ஜல்லி நீண்டிருக்க வேண்டும். விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகத் தட்டி இறுக்கியிருக்க வேண்டும். கேட்டபோது, "ஓரத்துல வண்டி ஏறாதுங்க, அதுக்கு எதுக்கு செலவு?" என்றார். வண்டி ஏறாது, சரி. வெயில் ஏறுமே! களிமண் நிலத்தில் ஓரத்தை உடைப்பது வண்டியின் எடையா என்ன? இந்தத் தொழிலிலேயே இருப்பவர், இப்படிப்பட்ட மண்ணிலேயே வேலை செய்பவர், இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூடுதல் செலவு என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம்.

இன்னொன்றும் உண்டு. சூடான கலவை வந்து இறங்கும்போது 135 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது சுமார் 80 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். அதைவிட ஆறிய பிறகு எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. பரப்பில் முதலில் ஆறுவது எது? ஓரம்தான். அன்று நடுவை நிதானமாக உருட்டிவிட்டுக் கடைசியில்தான் ஓரத்துக்கு வந்தார்கள். இறுகாத தாரில் காற்றிடைவெளி அதிகம். அதன் வழியே காற்றும் நீரும் புகுந்து தாரைச் சீக்கிரம் கெட்டியாக்கி நொறுங்க வைக்கும். எங்கள் பாதையின் நடு இன்னும் கருமை மாறாமல் இருக்க, ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகிப் பொடி உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் நான் பயந்த அளவுக்கு இல்லை. உச்சி வெயிலில் தார்ப் பரப்பின் சூடு 60 டிகிரியைத் தாண்டும், சாலைக்குப் பயன்படும் தார் 50 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். ஆனாலும் கலவையில் தார் நூற்றுக்கு 5 பங்கு அளவுதான், மற்றதெல்லாம் கல். பாரத்தைக் கல்லோடு கல் தாங்கிக்கொள்கிறது. மத்தியான வெயிலில் பைக்கைச் சைடு ஸ்டாண்டில் போட்டால் குழி விழும், ஒரு தட்டையான பலகைத் துண்டை அடியில் வைத்தால் விழாது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் தோலை உரிக்கும், வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே திருப்பப் பழகிவிட்டோம். பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் சொட்டினால் உடனே துடைக்க வேண்டும், அவை தாரையே கரைத்துவிடும். வெறுங்காலோடு மட்டும் மத்தியானத்தில் யாரும் கால் வைக்க முடியாது, அதற்கு வழியும் கிடையாது.

அடைப்பு வேலைக்கு வருகிறேன். முதல் தடவை வந்தவர்கள் பாதை முழுக்கக் கறுப்பு சீல் கோட் பூசிவிட்டுப் போனார்கள். பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. அடுத்த கோடையில் அந்தப் பூச்சையும் கிழித்துக்கொண்டு வெடிப்பு திறந்தது. சீல் கோட் மேல்தோலைக் காக்கத்தான், வெடிப்பை அது அடைக்காது. புதுத் தாருக்கு ஆறு மாதமாவது போகாமல் அதைப் பூசவும் கூடாது. அடுத்து வந்தவர் கோடை உச்சத்தில், வெடிப்பு முழு அகலமாகத் திறந்திருந்தபோது விளிம்பு வரை நிரப்பினார். மழையில் மண் உப்பி வெடிப்பு மூடியதும் நிரப்பியது முழுக்க மேலே பிதுங்கி, டயரில் ஒட்டி, வீட்டு வாசல் வரை வந்தது. அந்தக் கறையைத் தரையிலிருந்து எடுக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இந்த முறை வந்தவர் காத்திருக்கச் சொன்னார். வெடிப்பு பாதி திறந்திருக்கும் பருவத்தில் வந்தார். உள்ளே இருந்த மண்ணையும் புல்வேரையும் கிளறி எடுத்து, காற்றடித்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் கலந்த சூடான தாரை ஊற்றினார். மேல் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டார். இந்த வேலையைப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது, எங்கள் பாதைக்கு முறையாகச் செய்யப்பட்ட முதல் அடைப்பு இதுதான். ஒரு கோடை முழுக்க நிற்குமா என்பதை மண்தான் சொல்ல வேண்டும்.

எந்த அடைப்பையும்விட அதிகம் உதவியது வேறு ஒன்று. ஓரத்து மண்ணைத் தாரின் மட்டத்துக்கு நிரப்பி இறுக்கி, புல் வளர்த்து, கோடையில் சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட ஆரம்பித்தோம். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் முன்பு பாதையின் ஓரத்திலேயே கொட்டியது, அதைத் தள்ளிவிட்டோம். மண் ஒரேயடியாக நனையவும் கூடாது, ஒரேயடியாகக் காயவும் கூடாது. அதற்குப் பிறகு வந்த கோடையில் வெடிப்பு விரிந்த அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. டெக்சாஸில், சான் அன்டோனியோ பகுதி நெடுஞ்சாலைகளில், இதே பிரச்சினைக்குச் சாலையோரம் சுமார் 8 அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி நீர் புகாத விரிப்பைச் செங்குத்தாகப் புதைத்தார்கள். வீட்டுக்கு அது பெரிய வேலை. என்றாலும் நோக்கம் ஒன்றுதான்: ஓரத்து ஈரத்தை அசையவிடாமல் வைப்பது.

சரி, போடலாமா? நியாயமாகக் கணக்குப் பார்த்தால் தார் நன்றாகவே உழைத்திருக்கிறது. இந்த மண்ணில் கான்கிரீட் பலகை ஒருபக்கம் தூக்கி ஒருபக்கம் இறங்கி நிற்கும், தார் மண்ணோடு வளைந்துகொடுக்கிறது. பழுதும் சின்னச் சின்னதாகவே வருகிறது. இவ்வளவு சொன்ன பிறகும், இன்று நண்பருக்கு என் பதில்: வேண்டாம், பேவர் பிளாக் போடுங்கள். ஓரம் இறங்கினால் அந்த வரிசைக் கற்களை எடுத்து, கீழே மணலைச் சரிசெய்து, அதே கற்களை மறுபடி வைக்கலாம். ஒவ்வொரு கோடைக்கும் வெடிப்பு அடைப்பவரைத் தேடிப் போன் போடுகிற வேலை இல்லை.

தார்தான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், கலவை ஏற்றிய லாரி வருவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜல்லிப் படுகையை அளக்கட்டும். தார் வரப்போகும் கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு அடி ஜல்லி இருக்கிறதா, அதற்கடியில் துணியும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் அதே அகலத்துக்குப் போகிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அன்று லாரியை வரவிடாமல் நிறுத்திவிட வேண்டும். தார் விழுந்த பிறகு இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது.