தோலைப் பார்த்தேன், சோலைப் பார்க்கவில்லை: ஆம்பூர் சர்ப்ளஸ் கடையில் மூன்று வருடம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் ஆம்பூரில் இறங்குவது பிரியாணிக்காகத்தான். நான் இறங்குவது ஷூவுக்காக, பிரியாணி இரண்டாம்பட்சம் (பொய், இரண்டும் ஒன்றுதான்). 2022-இல் ஆரம்பித்த பழக்கம். இதுவரை நான்கு ஜோடி ஷூ, இரண்டு பர்ஸ், ஒரு பெல்ட், எல்லாம் ஒரே எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் வாங்கியவை. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் பட்ட அடி அந்த ஊரில் எந்தக் கடையிலும் படக்கூடியது, இவர் ஒருவரை மட்டும் இழுத்துவிடுவது நியாயமில்லை.

முதலில் சர்ப்ளஸ் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனதும் தலை சுற்றும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற கம்பெனிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஷூ தைத்து அனுப்புகின்றன. சேதாரம் வரும் என்று கொஞ்சம் கூடுதலாகவே தைப்பார்கள். அதில் மிஞ்சியது, தையல் ஒரு இழை விலகியதால் வெளிநாட்டுக்காரன் தள்ளியது, ஆர்டரே ரத்தானது, மாதிரிக்குச் செய்துகாட்டிய ஒற்றை ஜோடி, இதெல்லாம் சேர்ந்து இந்தக் கடைகளுக்கு வருகிறது. அதனால் ஒரு மாடலில் எல்லா சைஸும் இருக்காது. மாதிரி ஜோடிகளைப் பெரும்பாலும் ஆண்களுக்கு 42-இல்தான் செய்வார்கள், நம் கணக்கில் எட்டாம் நம்பர். எட்டாம் நம்பர் கால் உள்ளவன் ஆம்பூரில் பாக்கியவான். என் கால் ஒன்பது, அதனால் எனக்கு எப்போதும் இரண்டாம் பந்திதான்.

முதல் தடவை வாங்கியது அடர் பிரவுனில் ஒரு டெர்பி, அதாவது லேஸ் கட்டுகிற ஷூ. 1,600 ரூபாய். டப்பாவில் 89.95 யூரோ என்று ஸ்டிக்கர் கிழிக்காமல் இருந்தது. வேண்டுமென்றே கிழிக்காமல் விடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் அதைப் பார்த்த பிறகு யாரும் பேரம் பேச வாய் திறக்க மாட்டார்கள். தோல் என்றால் அப்படி ஒரு தோல். மடக்கினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறுபடி மறைகிறது, உள்ளே ஆட்டுத்தோல் லைனிங், நாக்குப் பகுதியின் பின்பக்கம் சின்னதாகப் படங்கள் போட்ட லேபிள். அந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பாவில் விற்கிற காலணிக்கு, மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று காட்டியாக வேண்டும். விரித்துப்போட்ட மாட்டுத்தோல் மாதிரி படம் இருந்தால் தோல். அந்தத் தோலுக்குள் ஒரு டைமண்ட் கட்டம் இருந்தால் மேலே பூச்சு ஏற்றிய தோல். வெறும் டைமண்ட் என்றால் ரப்பர், பிளாஸ்டிக் வகையறா. வலைப்பின்னல் என்றால் துணி. கடைக்காரர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், நீங்கள் அந்த லேபிளைப் பாருங்கள்.

நானும் பார்த்தேன். மேலே தோல், உள்ளே தோல், கீழே டைமண்ட். கீழே என்னவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

நல்ல ஷூ என்பதால் பொத்திப்பொத்தி வைத்திருந்தேன், கல்யாணம் காட்சிக்கு மட்டும். எட்டு மாதம் கழித்து கும்பகோணத்தில் சித்தப்பா மகன் கல்யாணம். மண்டப வாசலிலிருந்து பந்திக்குப் போவதற்குள் காலுக்கடியில் ஏதோ மெத்மெத்தென்று இருந்தது. பின்னால் வந்த சின்னப் பெண் கறுப்பாக எதையோ பொறுக்கி எடுத்து, "மாமா, உங்க ஷூ உதிருது" என்றாள். திரும்பிப் பார்த்தால் ஹால் முழுக்க நான் நடந்த வழி தெரிகிறது. சோல், காபியில் ஊறின ரஸ்க் மாதிரி பிய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அண்ணன் செருப்பில்தான் ஊர் திரும்பினேன்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த சோல் பியூ, அதாவது பாலியூரிதேன். லேசாக இருக்கும், நடக்கச் சுகமாக இருக்கும், அதனால்தான் போடுகிறார்கள். ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே மெல்ல அரித்துவிடும். போட்டு நடந்தாலும் சரி, டப்பாவில் பூட்டி வைத்தாலும் சரி, அது பாட்டுக்கு நடக்கும். சும்மா வைத்திருந்தால்தான் இன்னும் மோசம் என்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு குடோனில் நான்கைந்து வருடம் கிடந்த ஷூ, என்னிடம் வரும்போதே முக்கால் ஆயுள் முடிந்துபோனது. மேலே இருந்த தோல் இன்னும் பத்து வருடம் வரும், கீழே இருந்தது எட்டு மாதம். சர்ப்ளஸ் கடைகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான். நாம் எல்லோரும் தோலைத்தான் சோதிக்கிறோம், ஏமாறுவது சோலில்.

அடுத்த பயணத்தில் ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதனால் பெரிய எதிர்பார்ப்பில்லை. கடைக்கார பாய் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஷூவுல எந்தக் குறையும் இல்ல. மேல பாருங்க, கோடு விழல."

"பாய், மேல குறை இல்லன்னு எனக்கும் தெரியும். கீழ ஒண்ணுமே இல்லையே."

சிரித்துவிட்டார். பணம் தரவில்லை, அடுத்து எடுத்த ஜோடியில் 300 ரூபாய் குறைத்தார். எத்தனை வருடச் சரக்கு என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம். பழைய சரக்கு விற்பது தப்பில்லை, பழையது என்று சொல்லி இன்னும் 500 குறைத்து விற்கலாமே. ஆனால் அவர் மகன் நல்ல பையன், அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்தான். சில சோல்களுக்கு அடியில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டமும் அம்புக்குறியும் அச்சில் பதிந்திருக்கும், அது செய்த மாதமும் வருடமும். வட்டம் இல்லையென்றால் குதிகால் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்த வேண்டும். பள்ளம் உடனே எழும்பி வந்தால் பரவாயில்லை, நகம் பதிந்தே நின்றாலோ பிசுபிசுவென்று ஒட்டினாலோ கீழே வைத்துவிட வேண்டும். பிறகு இரண்டு கையாலும் நன்றாக வளைத்துப் பார்த்து, மடிப்பில் முடி மாதிரி கீறல் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். ரப்பர் சோல் கையில் கொஞ்சம் கனக்கும், ஆனால் இப்படி உதிராது. அதற்குப் பிறகு நான் எடுத்த மூன்று ஜோடியும் ரப்பர் சோல், மூன்றும் இன்றைக்கும் நடக்கின்றன.

அந்த முதல் டெர்பியையும் தூக்கிப்போடவில்லை. தாம்பரத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர் பழைய சோலைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோல் ஒட்டி, ஓரத்தில் தையலும் போட்டுக் கொடுத்தார், 450 ரூபாய். "தோல் நல்லா இருக்கு, இத எதுக்கு சார் தூக்கிப் போடணும்" என்றார். ஆக மொத்தம் 2,050 ரூபாய்க்கு ஒரு நல்ல ஷூ. கணக்குப் பார்த்தால் இன்னமும் லாபம்தான், மானம் போனதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நேர் எதிர், இங்கே பிரச்சினையே தோல்தான். இரண்டில் ஒன்று 350 ரூபாய், 'ஜென்யூன் லெதர்' என்று தங்க எழுத்து. ஒரு வருடத்தில் மடிப்பில் மேல்தோல் படலமாக உரிய ஆரம்பித்தது, வெயிலில் போன மூக்கு மாதிரி. அது பொய்த் தோல் இல்லை, அதுதான் வேடிக்கை. மாட்டுத்தோல் தடிமனானது, அதை மெஷினில் இரண்டு மூன்று அடுக்காகச் சீவுவார்கள். மேலடுக்கில்தான் மயிர்க்கால் தெரிகிற அந்த இறுக்கமான பரப்பும் பலமும் இருக்கும். கீழடுக்கை ஸ்ப்ளிட் என்பார்கள், பஞ்சு மாதிரி தளர்வாக இருக்கும், அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, போலியாகத் தோல் வரிகளை அழுத்தி விற்பார்கள். அதுவும் தோல்தானே, ஜென்யூன்தானே, யாரும் பொய் சொல்லவில்லை. தோல் தூளைப் பசையில் பிசைந்து தாளாக்கும் பாண்டட் இதைவிடக் கேவலம். கண்டுபிடிக்கத் தீக்குச்சி எல்லாம் கொளுத்த வேண்டாம், அது கடைக்காரரிடம் திட்டு வாங்கத்தான் உதவும். வாசனையையும் நம்பாதீர்கள், தெளித்துவிடலாம். கார்டு வைக்கிற அறைக்குள், மடித்துத் தைக்காத வெட்டு ஓரம் ஒன்று எங்காவது இருக்கும், அங்கே பாருங்கள். மேலே சாயப் படலம் தனியாக, அடியில் பஞ்சு தனியாகத் தெரிந்தால் அது ஸ்ப்ளிட். இன்னொரு பர்ஸ் 700 ரூபாய், முழு மேலடுக்கு, மூன்று வருடத்தில் கறுத்து மெருகேறி இருக்கிறது.

பெல்ட் அந்தக் கடையில் வாங்காதீர்கள். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டையை வைத்து ஒட்டியது, ஆறு மாதத்தில் ஓட்டைகள் எல்லாம் நீள்வட்டமாகிவிட்டன. பெல்ட்டுக்கு ஒரே துண்டாக வெட்டிய கனமான தோல் வேண்டும், அதுவும் மரப்பட்டையில் பதனிட்டதாக இருந்தால் விசேஷம். ஆம்பூர்ப் பக்கம் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிடுவது, சீக்கிரம் முடியும், தோல் மிருதுவாக வரும், ஷூவுக்கு அதுதான் சரி. ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று போட்டு வாரக்கணக்கில் ஊறவைக்கிற பழைய முறைக்குத் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் பேர். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று 2008-இல் புவிசார் குறியீடுகூட வாங்கியது. அந்தத் தோலில் திண்டுக்கல்லில் ஒரு பெல்ட் எடுத்தேன், அது என் பையனுக்கும் வரும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. இவை ஐரோப்பியக் காலுக்குச் செய்த அச்சில் தைத்தவை. நீளம் சரியாக இருக்கும், விரல்கள் விரிகிற இடத்தில் இறுக்கும். நம் கால் அகலம். அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து இந்தியாவுக்கென்று தனி அளவு முறை கொண்டுவரப் பார்க்கிறது, அது வருகிறவரை அரை சைஸ் பெரிதாக எடுங்கள், சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

விலை ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால், எல்லா விலையும் டப்பாவில் எழுதியிருப்பதில்லை. ஆம்பூரை ஒட்டி ஓடுகிற பாலாற்றைப் பாருங்கள், 'ஓடுகிற' என்பதே மரியாதைக்குச் சொன்னது. தோல் கழிவு கலந்த நிலத்தடி நீருக்காக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்றது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இதைத் தெரிந்தும் நான் வாங்குகிறேன், மறைக்கவில்லை. அதே ஊரில் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்களையும் பார்க்கிறேன், அவர்கள் வீட்டு அடுப்பும் இதில்தான் எரிகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட சமயம் போனபோது கடையில் புதுச் சரக்கு குவிந்திருந்தது. "ஆர்டர் நின்னுபோச்சு சார், உங்களுக்கு லாபம்" என்றார் பாய். அன்றைக்கு எடுத்ததுதான் நான்காவது ஜோடி, அதைப் பேரம் பேசி வாங்க மனசு வரவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்றால், ஷூவுக்கு நான்கு, பர்ஸுக்கு மூன்று, பெல்ட்டுக்குப் பூஜ்யம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, பில் இருந்ததால்தான் எனக்கு அந்த 300-ஆவது கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்காகக் கடை சாத்தியிருக்கும். பிரியாணிக் கடையிலும் அந்த நேரம்தான் கூட்டம்.