இருக்கிற வீட்டுக்கு உயிலா, செட்டில்மென்டா?

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வீடு, சேரன்மகாதேவியில் கொஞ்சம் வயல். மகன் துபாயில், மகள் மதுரையில். "உயில் எழுதுனா பின்னால கேஸ் வரும் அண்ணாச்சி, பேசாம மகன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிருங்க" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் ஓதிவிட்டார்கள். செட்டில்மென்ட் என்றால், உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது. பெரியப்பா கிளம்பியும் விட்டார். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

முதலில் செலவு. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது; வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் சொத்து மதிப்பில் 1% முத்திரைத் தீர்வை, 1% பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் உயர்த்திய உச்சவரம்பின்படி முதலாவது 40,000 ரூபாயைத் தாண்டாது, இரண்டாவது 10,000 ரூபாயைத் தாண்டாது. ஆக, 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய். அதே வீட்டைக் கிரயம் பண்ணினால் 9%, நாலரை லட்சம். மகனுக்கே கிரயம் எழுதிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உயில் நம் கண் மூடிய பிறகுதான் உயிர் பெறும்; அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்ட் அப்படியில்லை. பத்திரம் பதிந்து, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டால், சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். பிறகு மனசு மாறினாலும் நாமாகப் போய் ரத்து செய்ய முடியாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மீட்க வழி உண்டு. அதற்கு, 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருப்பதுதான் பலம். பத்திரம் எழுதுகிறவர் தாமாக இதைச் சேர்ப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம், நாம்தான் சொல்ல வேண்டும். 'ஆயுள் வரை நான் குடியிருப்பேன், வாடகையும் எனக்கே' என்று ஆயுள் உரிமையை நம்மிடமே வைத்துக்கொண்டும் எழுதலாம்.

சரி, உயிலில் கேஸ் வராதா? வரும். உயில் உண்மையானதுதான் என்று நிரூபிக்கிற வேலை பிள்ளைகள் தலையில்தான் விழும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கென்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் எழுதிய உயில், சொத்தும் இங்கேயே என்றால், இந்துவுக்கோ கிறிஸ்தவருக்கோ புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, கட்டாயமில்லை. முஸ்லிம்களுக்குக் கணக்கே வேறு: மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அவர்களிடம் ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடும் தானம், பழக்கத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூர்வீகச் சொத்தென்றால், எந்தப் பத்திரம் போட்டாலும் தன் பங்கைத் தாண்டி எழுத முடியாது.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. செட்டில்மென்ட் வில்லங்கச் சான்றில் தெரியும், உயில் தெரியாது. விற்கிறவர் உயில் மூலம் வந்த சொத்து என்றால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று பார்த்து, மற்ற வாரிசுகளையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு" என்று இழுத்தால் வேறு வீடு பார்க்கலாம்.

என் கட்சி இதுதான்: குடியிருக்கிற ஒரே வீட்டை செட்டில்மென்ட் பண்ணவே வேண்டாம். பெரியப்பா கடைசியில் வயலை மகளுக்கு செட்டில்மென்ட் பண்ணினார். வீட்டை உயிலாக எழுதிப் பதிந்தார். சாட்சிக்குத் தன்னோடு வேலை பார்த்த சேக்காளியைக் கூப்பிடவில்லை. "அவன் எனக்கு முன்னால போயிருவாம்ல" என்று சொல்லி, பக்கத்து வீட்டு முப்பது வயதுப் பையனைக் கையோடு கூட்டிப் போனார்.