கருங்கல்லோடு சேர்க்க எம்.எஸ். இரும்பா, 316 ஸ்டீலா?

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் என் பட்டறை. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்த அதே மணல். கருங்கல்லும் உலோகமும் சேர்த்து இரண்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்து வெளியில் நிறுத்தியிருக்கிறேன். ஒன்று எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) எனும் சாதா இரும்பு, மற்றது 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இனிச் செய்யும் மூன்றாவதும் 316-இல்தான்.

அழகு என்று பார்த்தால் சாதா இரும்புக்கே என் ஓட்டு. துருவின் செம்மண் நிறம் கல்லின் சாம்பலோடு அப்படிச் சேரும். விலையும் குறைவு, வெல்டிங்கும் சுலபம்.

சிக்கல் மூட்டில்தான். கல்லில் துளை போட்டு, கம்பியை முளையாக இறக்கி எபாக்ஸி பசை ஊற்றுகிறோம். அந்த விளிம்பு வழியே உப்பும் மழைநீரும் இறங்கிவிடும். துருவாகும்போது இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்; கல் இடம் கொடுக்காது, பிளந்துவிடும். இரண்டாவது மழைக்காலம் முடிந்து பார்த்தேன்: மூட்டுக்குக் கீழே பழுப்பாக ஒழுகிய கறை, அதை ஒட்டி விரல் நீளத்துக்கு மயிரிழை விரிசல். உளியின் தலையால் தட்டினால் கணீரென்ற கல், அங்கே மட்டும் ‘சொத்’தென்றது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தெனனிலும் இதே கதி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் வைத்த இரும்புப் பட்டைகள் துருவேறிப் பளிங்கையே உடைத்தன. இப்போது அங்கே டைட்டானியம். பெயிண்ட் போதாதா என்பார்கள். வெளிப்பாகத்துக்கு வருடாவருடம் அடிக்கலாம். கல்லுக்குள் போன முளைக்கு எப்படி அடிப்பது?

316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால். கடையில் வெறுமனே ‘எஸ்.எஸ்.’ என்றால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான 304-ஐ நீட்டிவிடுவார்கள், வாய்விட்டு 316 என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன், அவ்வளவுதான் பராமரிப்பு. குறையும் உண்டு: வெயிலில் கருங்கல்லைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் துளையைச் சற்று அகலமாக எடுத்து, இறுகிக் கல்லாகாத பசையாகப் போட்டேன். சிற்பத்துக்கு மூன்று வயதுதான் ஆகிறது. இருபது வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கார்ட்டென் எஃகில் துருவே காப்புப் படலம். கடலோர உப்பில் அந்தப் படலம் நிலைக்காது என்பதால் நான் தொடவில்லை. மதுரை, கோவைப் பக்கம் யோசிக்கலாம்.

கொரியாவில் பிறந்த சிற்பி லீ உஃபான் 1960-களின் இறுதியிலிருந்து கல்லையும் எஃகுத் தகட்டையும் பிணைக்காமலே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவருகிறார். முளையும் இல்லை, பசையும் இல்லை. மூன்றாவது சிற்பத்தின் அடிக்கல்லை அப்படித்தான் தகட்டின் மேல் வைக்கப்போகிறேன். மேலே இரண்டே இடத்தில் முளை.