அஜ்ரக், பக்ரு, மலிவு அச்சு: வன்னியில் சில வருடப் பாவனை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் மூன்று அச்சுத்துணிகள் பாவனையில் இருக்கின்றன: குஜராத்தின் கச்சுப் பகுதியில் சிவப்பும் நீலமுமாக அச்சடிக்கும் அஜ்ரக் சீலை, ராஜஸ்தானின் பக்ரு ஊர்க் கட்டில் விரிப்பு, யாழ்ப்பாணத்தில் மலிவாக வாங்கிய பூப்போட்ட விரிப்பு. மூன்றும் பருத்தி, மூன்றும் மரக்கட்டையால் கையச்சு. ஒரே கிணற்றில் தோய்த்து, ஒரே வெயிலைக் கண்டவை.

மலிவு விரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பசையோடு கலந்த நிறம் நூலின் மேலே ஒட்டியிருந்தது. தொட்டால் இறப்பர் பூசியது போல வழுவழுப்பு, பின்பக்கம் வெள்ளை. தலையும் காலும் உரசும் இடங்களில் பூக்கள் இப்போது இல்லை. திரும்ப வாங்கமாட்டேன்.

அஜ்ரக் வேறு ரகம். சிவப்பு, படிகாரம் அச்சடித்த இடத்தில் மட்டும் சாயத்தைப் பிடித்து நூலுக்குள்ளேயே இறங்குகிறது. நீலம் அவுரிச் செடியின் சாயம். முதல் சில தோய்ச்சலில் நீலம் கையில் ஒட்டியது, தனியாகத் தோய்த்தேன். அப்புறம் நின்றுவிட்டது. புதிதில் விறைப்பாக இருந்த சீலை இப்போது உடம்போடு இழைகிறது. மடிப்புகளில் நீலம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, சிவப்பு அப்படியே நிற்கிறது. எனக்கு இப்போதுதான் அது இன்னும் வடிவு.

பக்ரு விரிப்பின் இளமஞ்சள் தளம் கடுக்காயில் ஊறவைத்து வருவது. அதுதான் இங்கே சோதனைப்பட்டது. குழாய்க் கிணற்றுத் தண்ணியில் இரும்பு இருந்தால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து தளம் சாம்பல் தட்டுகிறது. துணியில் கறுப்பு அச்சு உண்டாவதும் இதே கூட்டில்தான்: பழைய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல் கடுக்காயைத் தொட்டதும் கறுக்கும். 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு கச்சிலுள்ள தமட்கா ஊர்த் தண்ணியில் இரும்பு கூடியதால்தான் கச்சு அச்சுக்காரர்கள் பலர் அஜ்ரக்பூர் என்ற புது ஊரே அமைத்தார்கள். நாங்கள் பக்ருவுக்கு மாரியில் பிடித்த மழைத்தண்ணியைத்தான் பாவிக்கிறோம். தேசிக்காய்ப் புளி பட விடாதீர்கள், கறுப்புக் கோடு மங்கும்.

அஜ்ரக் சீலையின் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் ஆதங்கம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் தோண்டிய சாயவேரும் படிகாரத்தோடு இதே சிவப்பைத்தான் கொடுத்தது. இங்கே யாராவது அதை மறுபடி பயிரிட்டு அச்சடித்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

வாங்கப் போகிறவர்கள் நிறத்தில் மயங்குமுன் துணியைத் தடவிப் பாருங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். அச்சு தடிப்பாகக் கையில் தட்டுப்பட்டு, பின்பக்கமும் வெறும் வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நல்லது கிடைத்தால் மென்மையான சவர்க்காரம் போட்டு, நிழலில் உட்பக்கம் வெளியே தெரியக் காயவிடுங்கள்.