சொகுசு மின்காரில் ஊபர் ஓட்டினால் கட்டுப்படியாகுமா?

டெஸ்லா மாடல் எஸ் போன்ற விலை உயர்ந்த மின்காரைப் புதிதாகக் கடனில் வாங்கி, கலிபோர்னியாவில் ஊபருக்கோ அதன் போட்டிச் சவாரி நிறுவனமான லிஃப்டுக்கோ ஓட்டினால் கையில் ஏதாவது மிஞ்சுமா என்று கேட்பவர்களுக்கு, சாதாரணச் சவாரிகளை நம்பி ஓட்டினால் மிஞ்சாது என்பதே என் தெளிவான பதில். சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில் அந்தக் காரில் சவாரி ஏற்றி, வரவையும் செலவையும் மைல் கணக்கில் எழுதி வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கார் அருமையான கார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிழைப்புக்காக ஓட்டும் காரை மைலுக்கு எத்தனை சென்ட் தின்கிறது என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முதலில் வரவு. ஊபர் எக்ஸ் என்ற சாதாரணச் சவாரிப் பிரிவுக்கு வரும் கார் மலிவான டொயோட்டா கொரோலாவா, மாடல் எஸ்ஸா என்று கட்டணம் பார்ப்பதில்லை. 2020 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 22ஆம் முன்மொழிவு என்ற சட்டம், சவாரியை ஏற்றது முதல் இறக்கி விடுவது வரையிலான நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதத்தையும், அந்தத் தூரத்துக்கு மைலுக்கு 30 சென்ட் செலவுத் தொகையையும் உறுதி செய்தது. விலைவாசிக்கு ஏற்ப இந்த 30 சென்ட் பிறகு சற்று உயர்ந்திருக்கிறது என்றாலும், அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் சவாரி இல்லாமல் ஓடும் மைல்களுக்கும் அதில் ஒன்றும் கிடையாது. வருமான வரித் துறை 2025ஆம் ஆண்டுக்கு அனுமதித்த மைலுக்கு 70 சென்ட் வரிக் கழிவும் எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். மலிவான காரில் ஓடுபவருக்கு அந்தக் கழிவு உண்மைச் செலவைவிடக் கூடுதலாக இருக்கும். விலை உயர்ந்த காரில் ஓடுபவருக்கு அந்த ஆதாயம் சுருங்கிப் போகும். ஊபர் 2022இல் தொடங்கிய கம்ஃபர்ட் எலெக்ட்ரிக் பிரிவில் கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவுக்கு டெஸ்லாவின் விலை குறைந்த மாடல் 3 போதும் என்பதால், மாடல் எஸ்ஸுக்காகக் கூடுதலாகக் கொடுத்த விலைக்கு அங்கேயும் பலன் இல்லை.

மின்சாரம் மலிவு, பெட்ரோல் செலவே இல்லை என்பதுதான் பலரையும் இழுக்கும் பேச்சு. இதை எந்த ஊரில், எந்தக் காரோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் உண்மை அமையும். 2021க்குப் பிந்தைய மாடல் எஸ், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி 100 மைலுக்கு ஏறக்குறைய 28 யூனிட் எடுக்கிறது. வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு யூனிட் 30 சென்ட்டுக்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் மைலுக்கு 8.4 சென்ட் ஆகும்; வெளியே விரைவு மின்னேற்ற நிலையத்தில் 45 சென்ட் கொடுத்தால் 12.6 சென்ட். காலனுக்கு 51 மைல் கொடுக்கும் 2025 டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டுக்கு (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்), பெட்ரோல் காலன் 4.50 டாலர் என்றாலும் மைலுக்கு 8.8 சென்ட்தான் ஆகிறது. அதாவது சொந்த வீடும் சொந்த சார்ஜரும் இருப்பவருக்கே இரண்டும் கிட்டத்தட்ட சமம். அடுக்குமாடியில் குடியிருந்து வெளியே மின்னேற்றம் செய்பவருக்கு ஹைப்ரிட்தான் மலிவு. நிலையத்தில் கார் நிற்கும் நேரத்துக்கு வருமானம் இல்லை என்பதை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர்மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் இதே கணக்கைப் போட்டால் விடை மின்காருக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். டெஸ்லாவின் விரைவு மின்னேற்ற நிலையங்களான சூப்பர்சார்ஜர்களில் கிடைத்த இலவச வசதியை வைத்துக் கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள்; டாக்சியாகவும் ஊபராகவும் ஓடும் கார்கள் அந்த நிலையங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே டெஸ்லா புதிதாக வாங்குவோருக்கு விதி கொண்டுவந்ததை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

உண்மையில் பணம் கரைவது தேய்மானத்தில், அதாவது காரின் விற்பனை மதிப்பு குறைவதில். வருடத்துக்கு 50,000 மைல் ஓடும் முழுநேர ஓட்டுநர் 75,000 டாலருக்கு மாடல் எஸ் வாங்கி, நான்கு ஆண்டுகளில் 2,00,000 மைல் ஓட்டி, 15,000 டாலருக்கு விற்பதாக எடுத்துக்கொள்வோம். மைலுக்கு 30 சென்ட் தேய்மானம். 30,000 டாலர் கேம்ரியை அதே தூரம் ஓட்டி 8,000 டாலருக்கு விற்றால் மைலுக்கு 11 சென்ட். இந்த 19 சென்ட் வித்தியாசம் வருடத்துக்கு 9,500 டாலர். கடன் வட்டியும் காப்பீட்டுக் கூடுதலும் இதில் சேரவில்லை.

அந்த 15,000 டாலர் மறுவிற்பனை மதிப்பையும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2023 தொடக்கத்தில் 1,04,990 டாலராக இருந்த மாடல் எஸ், அதே ஆண்டு செப்டம்பரில் 74,990 டாலருக்கு இறங்கியது. புதுக்காரின் விலை இப்படி விழும்போது பழைய காரின் விலை சொல்லாமலே விழும். பெரிய நிறுவனங்களே இதில் தப்பவில்லை: 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா வாங்குவதாகவும், அவற்றில் 50,000 வரை ஊபர் ஓட்டுநர்களுக்கு வாடகைக்கு விடுவதாகவும் அறிவித்த வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்கப்போவதாகச் சொல்லி, 24.5 கோடி டாலர் தேய்மானச் செலவு எழுதியது. மோதல் சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவையும் அப்போது அது ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

பேட்டரி உத்தரவாதம் அடுத்த கவலை. மாடல் எஸ்ஸுக்கு முன்பு எட்டு ஆண்டுகளும் வரம்பில்லாத மைல்களும் கிடைத்தன. தெற்குக் கலிபோர்னியாவில் பயணிகளை ஏற்றிய டெஸ்லூப் நிறுவனத்தின் மாடல் எஸ் ஒன்று 4,00,000 மைலைத் தாண்டியதைப் பலரும் பெருமையாக எடுத்துச் சொல்வார்கள். அந்தக் காருக்கு உத்தரவாதத்தின்கீழ் இரண்டு முறை பேட்டரி மாற்றப்பட்டதைச் சொல்ல மாட்டார்கள். 2020க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அல்லது 1,50,000 மைல் என்று வரம்பு வந்துவிட்டது. முழுநேரமாக ஓடினால் மூன்றே ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். டயர் செலவையும் குறைத்து எடைபோடக் கூடாது. கனமான காரும் உடனடி இழுவிசையும் சேர்ந்து டயரை வேகமாகத் தேய்க்கின்றன.

ஓட்டுநருக்கு இந்தக் கார் தரும் சுகம் பெரிது. சத்தமும் அதிர்வும் இல்லாததால் நாள் முழுக்க ஓட்டிய பிறகும் உடல் அலுப்புத் தெரிவதில்லை. விமான நிலையக் காத்திருப்பு வரிசையில் எஞ்சின் ஓடாமலே ஏசி போட்டுக்கொள்ளலாம். பயணிகளின் அனுபவம் அப்படி ஒரே சீராக இல்லை. கதவோடு கதவாகப் பதிந்திருக்கும் கைப்பிடியைத் தேடி நடைபாதையில் நிற்பவர்களுக்குக் கண்ணாடியை இறக்கி வழி சொல்ல வேண்டியிருக்கும். மாடல் 3இல் முன்னிருக்கையில் உட்காருபவர் இறங்கும்போது, திறக்கும் பொத்தானை விட்டுவிட்டு அவசரகால நெம்புகோலை இழுப்பார். கண்ணாடி இறங்காமலே கதவு திறப்பதால் அது ரப்பர் விளிம்பில் உரசும். பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றுவது இன்னும் முக்கியமான குறை. முடுக்கு பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் கார் தானே வேகத்தைக் குறைப்பதால், பெடலைப் பொறுமையாக விடப் பழகாத ஓட்டுநரின் காரில் பயணிக்குக் குமட்டல் வரும், அவர் ஓட்டுநருக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணும் குறையும். முடுக்கத்தை ‘சில்’ (Chill) என்ற மென்மையான நிலையில் வைத்து, கால் அசைவை மென்மையாக்கிக்கொண்டால் இது பெருமளவு தீரும்.

சொகுசு மின்கார் கணக்கில் தேறும் இடம் ஒன்று உண்டு: ஊபரின் உயர்கட்டணச் சொகுசுப் பிரிவான ஊபர் பிளாக். அங்கே போட்டி கேம்ரியோடு இல்லை, காலனுக்கு 16 மைல் கொடுக்கும் பெரிய சொகுசுக் காரான கேடிலாக் எஸ்கலேடோடு. அதன் பெட்ரோல் செலவு மைலுக்கு 28 சென்ட். டெஸ்லாவின் பெரிய காரான மாடல் எக்ஸுக்கு வீட்டு மின்சாரத்தில் 10 சென்ட். இரண்டுமே விலை உயர்ந்தவை என்பதால் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வருடத்துக்கு 40,000 மைல் ஓடினால் 7,200 டாலர் மிச்சம். ஆனால் அந்தப் பிரிவுக்குள் நுழைய மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் வாடகை ஊர்தி உரிமம், குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு, விமான நிலைய அனுமதி, கறுப்பு நிறக் கார், உயர்ந்த மதிப்பெண் எல்லாம் வேண்டும். எந்தெந்த மாடல்கள் செல்லும் என்ற பட்டியலும் நகரத்துக்கு நகரம் மாறும். ஏற்கெனவே நிரந்தர வாடிக்கையாளர்களை வைத்துத் தொழில் செய்பவருக்கு இது நல்ல முதலீடு. புதிதாக இறங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்காரில்தான் ஓட்டுவேன் என்பவர்கள், வீட்டில் சார்ஜர் இருந்தால், 20,000 டாலரை ஒட்டிய விலையில் பழைய மாடல் 3 பார்க்கலாம். பெருந்தேய்மானத்தை முதல் உரிமையாளரே சுமந்திருப்பார். உத்தரவாதம் அந்த முதல் உரிமையாளர் காரை எடுத்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், ஓடிய மைலோடு அந்தத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வாடகைச் சவாரிக்கு ஓட்டப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டணத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சொந்த உபயோகக் காப்பீடு பெரும்பாலும் சவாரி நேரத்து விபத்தை ஏற்காது, ஊபரின் காப்பீட்டிலும் காரின் சேதத்துக்கு முதல் 2,500 டாலரை நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.